அவசரப்படுத்துகிற சத்தத்திற்குச் செவிகொடாதிருங்கள்



இந்த மாதப் பாடத்திற்கு நான் எடுத்துக்கொண்ட காரியம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிற போனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். "இதில் என்ன பாடம் இருக்கிறது, பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், இரண்டரை வருஷம் உங்களிடம் மறைத்துவைத்த ஒரு காரியத்தை நான் அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

அந்த சனிக்கிழமை இரவு

2022-ஆம் வருஷம் ஜூலை மாதம். சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணி. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் உட்கார்ந்து மறுநாள் செய்திக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று எழுதி ஒரு நம்பர் கொடுத்திருந்தது.

பணம் கட்டியது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் மனசு படபடத்தது. கூப்பிட்டேன்.

"சார், நீங்க கட்டினது சிஸ்டத்துல அப்டேட் ஆகலை. பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க, சரியாயிடும். நான் சொல்ற ஆப்பை முதல்ல போடுங்க சார். டைம் இல்லை, லைன்மேன் கிளம்பிட்டாரு."

சொன்னபடி செய்தேன். அந்தச் செயலி என் போன் திரையில் தெரிவதையெல்லாம் அவனுக்கும் காட்டுகிற செயலி என்று அப்போது எனக்குத் தெரியாது. பத்து ரூபாய் கட்டுவதற்காக டெபிட் கார்டு நம்பரைப் போட்டேன். அதை அவன் அங்கேயிருந்து பார்த்துக்கொண்டான். பிறகு வந்த ஓ.டி.பி. எண்களையும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. அவனே என் திரையிலிருந்து வாசித்துக்கொண்டான். எட்டு நிமிஷத்தில் 24,800 ரூபாய் போய்விட்டது.

அதில் 18,000 ரூபாய் என் பணமே அல்ல. ஜெப அறைக்குக் கூரை ஷீட் மாற்ற நீங்கள் கொடுத்த காணிக்கை. சௌகரியத்திற்காக என் சொந்தக் கணக்கில் போட்டு வைத்திருந்தேன்.

என்ன செய்தேன் தெரியுமா? யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று பிரசங்கித்தேன். திங்கட்கிழமை மனைவியிடம் அழுது சொன்னேன். அவள் தன் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். அதை அடகு வைத்து ஷீட்டுப் பணத்தை நிரப்பினேன். மூன்றாம் நாள்தான் புகார் கொடுக்கப் போனேன். அதற்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவி, ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டும் போயிருந்தது.

பூசணம் பிடித்த அப்பம்

அதற்குப் பிறகு யோசுவாவின் புஸ்தகம் ஒன்பதாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு குத்தும். கிபியோனியர் என்ன செய்தார்கள்? பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, தூர தேசத்திலிருந்து வருகிறவர்களைப்போல வேஷம் போட்டார்கள். கிழிந்த சாக்கு, தைத்து ஒட்டுப்போட்ட செருப்பு, காய்ந்து பூசணம் பிடித்த அப்பம். இஸ்ரவேலின் பெரியவர்கள் அப்பத்தைப் பார்த்தார்கள், நம்பினார்கள், கர்த்தரிடத்தில் விசாரிக்காமலே உடன்படிக்கை பண்ணிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து உண்மை வெளியானது. அந்த மூன்று நாள் பொறுத்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்கள் அல்லவா?

எனக்கு மூன்று நாள்கூட வேண்டியதில்லை. மூன்று நிமிஷம் போதும். அந்த மெசேஜில் என் மின் இணைப்பு எண் இல்லை. அது ஒரு சாதாரண பத்து இலக்க செல் நம்பரிலிருந்து வந்திருந்தது. இ.பி. ஆபீஸ் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பணம் கட்டிய ரசீது மேஜை டிராயரில் இருந்தது. இவை ஒன்றையும் நான் பார்க்கவில்லை. கரண்ட் போய்விடும் என்ற பயத்தை மட்டும் பார்த்தேன்.

பால் தீய்ந்த வாசனை

என் மௌனத்தின் பலனை 2025 ஜனவரியில் கண்டேன்.

நம் சபையின் வயதான சகோதரி ஒருவர், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று மறைந்தவருடைய மனைவி, அடையவளஞ்சான் தெருப்பக்கம் தனியாக இருக்கிறார். குடும்ப பென்ஷன். பேங்க்கில் ஆறு லட்ச ரூபாய் வைப்புத்தொகை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு போன். அவர் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். மும்பை போலீஸ் பேசுகிறதாம். பிறகு வீடியோ கால். யூனிபார்ம் போட்ட ஒருவன். பின்னால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஒரு சுவர். அவருடைய ஆதார் நம்பரையே படித்துக் காட்டினான்.

"நீங்க இப்போ டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. கேமராவை விட்டு நகரக்கூடாது. கதவைச் சாத்துங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா அவங்களும் கேஸ்ல மாட்டுவாங்க."

வைப்புத்தொகையை உடைத்து, "சரிபார்க்கிறதுக்காக" அவன் சொல்கிற கணக்கில் போட வேண்டுமாம். குற்றமில்லை என்று தெரிந்ததும் திருப்பித் தருவார்களாம். பேங்க்கில் கேட்டால் வீடு வாங்க என்று சொல்ல வேண்டுமாம். இரண்டு மணி நேரம் அந்தத் தாயார் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டார். அதுதான் அவரைக் காப்பாற்றியது. பக்கத்து வீட்டு மாமி வந்து கதவைத் தட்டினார். "என்னம்மா, பால் தீஞ்சு நாத்தம் வரதே, கதவைத் திறங்கோ!" போனில் இருந்தவன் திறக்கக்கூடாது என்று மிரட்டினான். மாமி விடவில்லை. கடைசியில் கதவு திறந்தது. மாமி அடுப்பை அணைத்தார், நடந்ததைக் கேட்டார், போனை எடுத்தார். "போலீஸ்னா வாசல்ல வரட்டும். போனுக்குள்ள என்ன போலீஸ்?" என்று சொல்லி சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

அன்று மாலை நான் போய்ப் பார்த்தபோது அந்தச் சகோதரி சொன்னார்: "உங்ககிட்ட ஒரு போன் பண்ணணும்னு தோணுச்சு பாஸ்டர். ஆனா நீங்க என்னைப் பத்தி என்ன நினைப்பீங்களோன்னு பயந்துட்டேன்."

பிரியமானவர்களே, அந்த வார்த்தை என்னை உடைத்துவிட்டது. நான் ஏமாந்த கதையை 2022-லேயே மேடையில் சொல்லியிருந்தால், "நம்ம பாஸ்டரே ஏமாந்தவர்தானே, அவர்கிட்ட சொல்லலாம்" என்று அவருக்குத் தைரியம் வந்திருக்கும். என் கௌரவத்தைக் காத்துக்கொண்டேன், மந்தையைக் காக்கவில்லை. அந்த வாரமே சபையின் முன்னால் அறிக்கையிட்டேன். அன்று வராதவர்களுக்காகவும், பிற ஊர்களில் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்காகவும் இப்போது எழுதுகிறேன்.

படித்தவர்களும் பெரியவர்களும் தப்பவில்லை

"எனக்கு விவரம் தெரியும், நான் ஏமாற மாட்டேன்" என்று யாரும் சொல்ல வேண்டாம். லூதியானாவைச் சேர்ந்த வர்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்மபூஷண் பெற்றவர், 2024 ஆகஸ்டில் 82 வயதில் இதே வலையில் விழுந்தார். சி.பி.ஐ. என்று சொன்னார்கள். கேமராவை அணைக்கவிடாமல் கண்காணித்தார்கள். உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒரு நாடகமே நடத்தி, தலைமை நீதிபதி வேஷத்தில் ஒருவனை உட்காரவைத்தார்கள். ஏழு கோடி ரூபாய் போனது. அவர் வெட்கப்பட்டு ஒளியாமல் புகார் கொடுத்தார். அதில் சுமார் ஐந்தேகால் கோடி ரூபாயைப் போலீசார் மீட்டார்கள். நடந்ததை அவரே வெளியே சொன்னதால் எத்தனையோ பேர் எச்சரிக்கை அடைந்தார்கள். நான் செய்யாததை அவர் செய்தார்.

2025 ஜூலையில் மத்திய அரசு பாராளுமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி, சைபர் மோசடிகளில் நம் நாட்டு மக்கள் 2023-இல் இழந்தது சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-இல் அது சுமார் 22,845 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தமது வானொலி உரையிலேயே இந்த டிஜிட்டல் அரெஸ்ட் மோசடியை எடுத்துச் சொல்லி, பொறுத்திருந்து, யோசித்து, பிறகு செயல்படும்படி எச்சரித்தார். 2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளை சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது.

கள்ளச் சத்தத்தின் இரண்டு அடையாளங்கள்

கதைகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு இ.பி., நாளைக்கு பார்சல், நாளன்றைக்கு பென்ஷன் ஆயுள் சான்று. எல்லாக் கதையையும் மனப்பாடம் பண்ண முடியாது. ஆனால் எல்லாவற்றிலும் இரண்டு அடையாளங்கள் உண்டு. இவற்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, அவசரம். "இப்பவே, உடனே, இன்னும் அரை மணி நேரத்துல." யோசிக்க நேரம் கொடுத்தால் நாம் விழித்துக்கொள்வோம் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு, இரகசியம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க." இன்னொரு ஆள் காதில் விழுந்தால் அவன் வேஷம் கலைந்துவிடும். அந்த மாமிக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது.

ஆகையால், ஒரு போன் உங்களை அவசரப்படுத்தினால் நிதானியுங்கள்; வாயை மூடச் சொன்னால் வாயைத் திறவுங்கள். போனை வைத்துவிட்டு, வீட்டிலோ தெருவிலோ சபையிலோ இன்னொருவரிடம் சொல்லிவிட்டு, அதன்பிறகே எதையும் செய்யுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

1. வீடியோ காலில் யாரையும் கைது பண்ண நம் நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று கிடையாது. எந்தப் போலீசும், எந்தக் கோர்ட்டும், ரிசர்வ் வங்கியும் "சரிபார்க்க" உங்கள் பணத்தை வேறு கணக்கில் போடச் சொல்லாது. உங்கள் ஆதார் நம்பர் அவனுக்குத் தெரிந்திருப்பதால் அவன் அதிகாரி ஆகிவிட மாட்டான். நாம் எத்தனை இடத்தில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப்பாருங்கள்.

2. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையில்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கைவிட்டுப் போகிறது என்று அர்த்தம். "க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க, உங்களுக்குப் பணம் வரும்" என்பது பொய்.

3. ஓ.டி.பி. எண்ணை ஒருவருக்கும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் ஆறு இலக்க எண்ணும் அப்படியே. அதைச் சொன்னால் உங்கள் வாட்ஸ்அப்பையே அவன் கைப்பற்றி, உங்கள் பெயரில் விசுவாசிகளிடம் கடன் கேட்பான். வாட்ஸ்அப் அமைப்பில் "இரண்டு படிச் சரிபார்ப்பு" என்று இருக்கிறது. அதைப் போட்டுவையுங்கள். தெரியாவிட்டால் வாலிபப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

4. முன்பின் தெரியாதவன் சொல்லி எந்தச் செயலியையும் போனில் ஏற்றாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதச் சீட்டு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடிகிற கோப்பு வரும். தொட வேண்டாம். பத்திரிகை படமாக வரும், செயலியாக வராது.

5. "பாட்டி, நான் ஆக்சிடென்ட்ல மாட்டிக்கிட்டேன்" என்று பேரனின் குரலிலேயே அழுகை வந்தாலும், போனை வைத்துவிட்டு உங்களிடம் உள்ள பழைய நம்பருக்குத் திரும்பக் கூப்பிடுங்கள். இப்போது குரலைப்போலச் செய்கிற கருவிகள் வந்துவிட்டன.

6. எல்லாப் பணத்தையும் போனோடு இணைந்த கணக்கில் வைக்காதீர்கள். காய்கறிக்கும் பஸ்ஸுக்கும் வேண்டியது ஒரு கணக்கில் இருக்கட்டும். சேமிப்பு, யு.பி.ஐ. இல்லாத வேறு கணக்கில் இருக்கட்டும். நம் சபைப் பணமும் இப்போது சபையின் பெயரிலேயே, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கிறபடி இருக்கிறது. என் தப்பிலிருந்து வந்த ஒழுங்கு இது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது?

உடனே 1930 என்ற நம்பருக்குக் கூப்பிடுங்கள். இது இந்தியா முழுவதற்கும் பொதுவான உதவி எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது, பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் பதிந்ததும் பணம் போய்ச் சேர்ந்த பேங்க்குக்குத் தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் எடுக்க முடியாதபடி நிறுத்திவைப்பார்கள். திருடன் நிமிஷக்கணக்கில் பணத்தைக் கணக்குவிட்டுக் கணக்கு மாற்றுகிறான். ஆகவே முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. நான் மூன்று நாளை வெட்கத்துக்குக் கொடுத்தேன்.

அதே நேரத்தில் உங்கள் பேங்க்குக்கும் சொல்லி கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்குங்கள். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கையின்படி, நம் தப்போ பேங்க்கின் தப்போ இல்லாமல் மூன்றாவது ஆளால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவிக்கிறவருக்கு நஷ்டம் இல்லை. நாமே ஓ.டி.பி.யைக் கொடுத்திருந்தால், தெரிவிக்கிறவரைக்கும் போனது நம் நஷ்டம். தெரிவித்த பிறகு போவது பேங்க்கின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்லுகிறவனுக்கே பிரயோஜனம்.

போனே காணாமல் போனால்? சத்திரம் பஸ் ஸ்டாண்டிலும், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தின்போது ஸ்ரீரங்கத்துத் தெருக்களிலும் நெரிசலில் போகும்போது மேல்சட்டைப் பையில் போனை வைக்காதீர்கள். இன்றைக்கே உங்கள் போனில் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்துங்கள். ஐ.எம்.இ.ஐ. என்று பதினைந்து இலக்க எண் வரும். அதை வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, அதே நம்பரில் புது சிம் வாங்கி, மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் போனை எந்த சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம். 2023 மே மாதத்திலிருந்து இந்த வசதி நாடு முழுவதும் இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் அதே தளத்தில் பார்க்கலாம்.

வாலிபருக்கு ஒரு வார்த்தை

தம்பிமாரே, திருடின பணம் தாவிப்போக கணக்குகள் வேண்டும் அல்லவா? அவை யாருடையவை? "உன் அக்கவுண்ட்டைக் கொடு, மாசம் அஞ்சாயிரம் கமிஷன் தர்றேன்" என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்குகிறார்கள். கொடுத்தால் கணக்கு முடங்கும், கேஸ் உன் பெயரில் வரும். ஏதோ ஒரு விதவையின் பென்ஷன் பணம் உன் கணக்கு வழியாகப் போயிருக்கும். அந்தக் கமிஷனில் கைவைக்காதே.

முடிவாக

நம் சபையில் இப்போது ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம். தனியாக இருக்கிற ஒவ்வொரு பெரியவருக்கும் பக்கத்திலேயே இருக்கிற ஒரு குடும்பத்தைச் சொல்லியிருக்கிறோம். சந்தேகமான போன் வந்தால் அவர்கள் முதலில் கூப்பிட வேண்டியது அந்த வீட்டை. எனக்கும் கூப்பிடலாம், நடு ராத்திரியானாலும். "இதுக்குப் போய் பாஸ்டரைத் தொந்தரவு பண்ணணுமா?" என்று நினைக்க வேண்டாம். ஏமாந்தவன் நான், ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தச் சகோதரி இப்போதும் பால் காய்ச்சும்போது மாமியை நினைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். உங்கள் கதவைத் தட்டுகிற ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒருவருடைய கதவைத் தட்டுங்கள்.

குடும்பமாக உட்கார்ந்து பேச:

1. நம் வீட்டில் சந்தேகமான போன் வந்தால் முதலில் யாரிடம் சொல்லுவோம்?

2. நம் பேங்க்கின் சரியான உதவி எண்ணும் 1930-ம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

3. வெட்கத்தினால் நாம் சொல்லாமல் மறைத்த நஷ்டம் ஏதாவது இருக்கிறதா? அதைச் சொன்னால் யார் காப்பாற்றப்படுவார்கள்?

கர்த்தர் தாமே உங்களை எல்லா வஞ்சகத்திற்கும் விலக்கிக் காப்பாராக. ஆமென்.